எல்லாம் சரி, விடை எங்கே? – கல்லூரி ஒப்படை எழுதப் பழகுகிறவர்களுக்கு

என் முதல் ஒப்படை திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் நான்கே சொற்கள் இருந்தன: "எல்லாம் சரி. விடை எங்கே?"

பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது முதல், 1869இல் கோப்பிச் செடியைப் பிடித்த இலைநோய் வரை ஒன்றும் விடவில்லை. கடன் சீட்டான துண்டு முறை, ஆள் சேர்த்த கங்காணி, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எல்லாம் இருந்தன. கேட்கப்பட்ட கேள்வியோ, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவுகளைப் பற்றியது. என் கட்டுரை 1964க்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதாம் பக்கம் ஆகிவிட்டது. அதற்குள் கையும் வலித்தது, எண்ணெயும் தீர்ந்தது. மீதி இரண்டு பக்கத்தில் ஒப்பந்தத்தை முடித்து, "எனவே மலையக மக்களின் வாழ்வு மலர வேண்டும்" என்று வாழ்த்திவிட்டுப் படுத்தேன்.

இப்போது பல ஆண்டுகளாக மற்றவர்களின் ஒப்படைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆசிரிய மாணவர்களும் வருகிறார்கள்; வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களும் வருகிறார்கள். பத்தனை ஆசிரியர் கல்லூரிக்குப் போனாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் நம் பிள்ளைகள் முதல் தவணையில் செய்யும் பிழை பெரும்பாலும் நான் செய்ததுதான். தமிழ் நன்றாக இருக்கிறது. தகவலும் இருக்கிறது. விடைதான் இல்லை.

இதற்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. பாடசாலையில் கட்டுரை என்றால் தெரிந்ததையெல்லாம் கொட்டுவது என்றே பழகினோம். "இந்து சமுத்திரத்தின் முத்தென அழைக்கப்படும் நமது இலங்கைத் திருநாட்டிலே" என்று தொடங்கி, நடுவில் ஒரு திருக்குறளைச் செருகி, "ஆகவே நாம் அனைவரும்" என்று முடித்தால் புள்ளி வந்தது. கல்லூரியில் அந்த முத்து ஒரு புள்ளிகூடப் பெற்றுத் தராது. அங்கே ஒப்படை என்பது ஒரு கேள்விக்கு நீங்கள் எடுக்கும் ஒரு நிலைப்பாடு, அதைத் தாங்கி நிற்கும் சான்றுகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பணிவிடை.

கேள்வியை முதலில் உரித்துப் பாருங்கள்

ஒப்படைத் தாள் கைக்கு வந்த அன்றே நூலகத்துக்கு ஓடாதீர்கள். ஒரு வெற்றுத் தாளில் கேள்வியைக் கையால் எழுதி, மூன்று விஷயங்களின் கீழே கோடு போடுங்கள்: எதைப் பற்றிக் கேட்கிறார்கள், எந்த எல்லைக்குள் கேட்கிறார்கள், என்ன செய்யச் சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் ஆளை விழுத்துவது. "விவரிக்க" என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார், எப்போது, எத்தனை பேரைப் பற்றி என்று சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன் அப்படி ஒரு ஒப்பந்தம் தேவைப்பட்டது என்ற காரணம் வர வேண்டும். "ஒப்பிடுக" என்றால் 1964 ஒப்பந்தத்தையும் அதைத் தொடர்ந்த 1974 ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றை முழுதாகவும் பிறகு மற்றதை முழுதாகவும் எழுதிவிட்டு, ஒப்பிடும் வேலையை வாசிப்பவர் தலையில் கட்டக்கூடாது. "மதிப்பிடுக", "விமர்சன ரீதியாக ஆராய்க" என்றால், அந்த ஒப்பந்தம் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்ததா இல்லையா என்று நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையசைப்பது விடையாகாது.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்: "தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையே மலையகத்தின் கல்வி முன்னேற்றத்துக்குக் காரணமாகும். ஆராய்க. (1,500 சொற்கள்)". இதில் முக்கியமான எழுத்து ஏகாரம். "பொறுப்பேற்றமையே" என்று இருக்கிறது. அது மட்டும்தானா காரணம் என்பதே கேள்வி. அந்த ஏகாரத்தைக் கவனிக்காத மாணவர், மலையகக் கல்வி வரலாறு என்று தலைப்பிட்டு நான் எழுதிய பதினொரு பக்கத்தை மறுபடி எழுதுவார்.

சொற்களுக்கு வேலி போடுங்கள்

நம் சமூகத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் படியைத் தாண்டவே கூடாது. "மலையகத் தமிழர்", "இந்திய வம்சாவளித் தமிழர்", "பெருந்தோட்ட மக்கள்", "தோட்டத் தொழிலாளர்" என்று ஒரே பந்தியில் நான்கு பெயர் எழுதுகிறார்கள், நான்கும் ஒன்று என்பது போல. நான்கும் ஒன்றல்ல. தொகைமதிப்பு அறிக்கையில் "இந்தியத் தமிழர்" என்பது இனப்பிரிவு. "தோட்டத் துறை" என்பது வசிக்கும் இடம்: 20 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பரப்பும், பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டங்களையே அப்படிக் கணக்கெடுத்தார்கள். ஹட்டன் நகரத்தில் கடை வைத்திருக்கும் உங்கள் மாமா மலையகத் தமிழர்; ஆனால் தோட்டத் துறைக் கணக்கில் அவர் வரமாட்டார். தோட்டத்திலேயே வாழும் சிங்களக் குடும்பம் அந்தக் கணக்கில் வரும்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. தோட்டத் துறையின் எழுத்தறிவு வீதத்தை எடுத்து "மலையகத் தமிழரின் எழுத்தறிவு" என்று எழுதினால், தோட்டத்தை விட்டு வெளியேறிப் படித்தவர்களையெல்லாம் கணக்கிலிருந்து தள்ளிவிட்டீர்கள் என்று பொருள். விரிவுரையாளர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அந்த இடத்திலேயே பேனையை வைப்பார்.

ஆகவே முன்னுரையில் ஒரு வாக்கியம் போதும்: இந்தக் கட்டுரையில் மலையகத் தமிழர் என்பது இன்னாரைக் குறிக்கிறது. பிறகு கடைசி வரை அந்தச் சொல்லையே எழுதுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பூட்டும் என்ற பயம் கவிதைக்கு இருக்கட்டும்.

விடையை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்

போன ஆண்டு ஒரு தம்பி தன் ஒப்படையை நீட்டினார். "இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சேர், தோட்டப் பாடசாலைகளைப் பற்றிச் சொல்கிறேன்."

"பற்றி வேண்டாம். என்ன சொல்கிறீர்கள்?"

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "அரசு எடுத்தது நல்லதுதான் சேர், ஆனால் எடுத்த உடனே ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்.

அதுதான் விடை! பத்துப் பக்கத்தில் எங்கும் இல்லாதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை எழுத்துத் தமிழில் செப்பனிட்டோம்: "அரசு பொறுப்பேற்றமை தோட்டப் பிள்ளைக்கு நாட்டின் கல்வி முறைக்குள் நுழையும் உரிமையைக் கொடுத்தது, ஆனால் அந்த உரிமை பயனாக மாறியது அதற்குப் பிறகு வந்த கட்டடங்களாலும் ஆசிரியர் பயிற்சியாலுமே. எனவே பொறுப்பேற்பை முன்னேற்றத்தின் தொடக்கம் என்று சொல்லலாம், ஒரே காரணம் என்று சொல்ல முடியாது."

இதை மையக் கருத்து என்பார்கள். நல்ல மையக் கருத்தைச் சோதிக்க எளிய வழி: அதை ஒருவர் மறுக்க முடியுமா என்று பாருங்கள். "கல்வி சமூகத்துக்கு அவசியமானது" என்பதை மறுக்க ஆளில்லை, எனவே அது மையக் கருத்தும் இல்லை. மேலே சொன்னதை மறுக்கலாம். மறுப்பவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் மீதிப் பக்கங்கள்.

இந்த வாக்கியம் கிடைக்கும் வரை ஒரு பந்தியும் எழுதாதீர்கள். கிடைத்த பிறகு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். மேசை இல்லை, லயத்து அறையில் எல்லோரும் உறங்கிய பிறகு கட்டிலில்தான் எழுதுகிறேன் என்றால் கொப்பியின் அட்டையில் ஒட்டுங்கள். வாசிக்க வாசிக்க அது மாறினால் மாற்றி ஒட்டுங்கள், அதில் வெட்கம் இல்லை.

தேடல்

இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை எடுப்பது வேறு, சான்று தேடுவது வேறு. மலையகம் பற்றிய பழைய நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் பலவற்றை நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் வருடிச் சேமித்து இலவசமாக வாசிக்கத் தருகிறது, கைபேசியில்கூடத் திறக்கும். எண்கள் வேண்டுமானால் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கைக்கே போங்கள். சட்டம் பற்றியதானால் சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் பிடியுங்கள்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் என்று. கண்டிக்குப் போகிற நாளில் டி.எஸ். சேனநாயக்க நினைவுப் பொது நூலகத்தில் அரை நாள் உட்காருவதும் வீண் போகாது.

வாசிக்கும்போது ஒரு தாளுக்கு ஒரு கருத்து என்று குறிப்பெடுங்கள். தாளின் தலையில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்க எண். கீழே மூன்று விதமான வரிகள், மூன்று நிறத்தில்: நூலில் உள்ளபடியே எடுத்த வரி, என் சொற்களில் சுருக்கிய வரி, எனக்குத் தோன்றிய வரி. இந்த மூன்றும் கலந்துவிட்டால் இரண்டு வாரம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. எழுத்துத் திருட்டில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளில் பாதிப் பேர் திருடர்கள் அல்லர், குறிப்பேட்டில் நிறம் மாற்றாதவர்கள்.

செயற்கை அறிவு உரையாடிகளிடம் கேட்டு எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. அவை இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் வரை இட்டுக்கட்டிக் கொடுக்கும். கையில் எடுத்துப் பார்க்காத எந்த நூலும் உங்கள் உசாத்துணைப் பட்டியலில் ஏறக்கூடாது.

எலும்புக்கூடு

1,500 சொற்களில் முன்னுரைக்கு 150, முடிவுரைக்கு 150 என்று ஒதுக்கினால் நடுவில் 1,200 மிஞ்சும். பந்திக்கு 200 முதல் 240 சொற்கள் என்றால் ஐந்து அல்லது ஆறு பந்திதான் கிடைக்கும். அதற்குமேல் ஒரு கருத்துக்கும் இடமில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே ஜேம்ஸ் டெய்லர் என் கட்டுரையிலிருந்து விடைபெற்றார்.

நம் கேள்விக்கு ஆறு பந்திகளை வாக்கியங்களாகவே எழுதிப் பார்ப்போம். பொறுப்பேற்புக்கு முன் தோட்டப் பாடசாலையின் நிலை நிருவாகத்தின் விருப்பில் தங்கியிருந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்களே அரசுடைமையானபோது பாடசாலைகள் மட்டும் தனியே நிற்கக் காரணம் இல்லாமல் போனது. 1977இல் பொறுப்பேற்பு தொடங்கியது. பெயர்ப்பலகை மாறினாலும் வகுப்பறையும் ஆசிரியரும் உடனே மாறவில்லை. 1980களில் சுவீடன் உதவியோடு கட்டடங்களும், பின்னர் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஆசிரியர் பயிற்சிக்கான ஸ்ரீபாத கல்லூரியும் வந்தன. பொறுப்பேற்பு இல்லாமல் இந்த உதவி வந்திருக்குமா என்று ஒருவர் கேட்கலாம், ஆகவே இரண்டையும் பிரித்து எடை போட வேண்டும்.

வாசித்துப் பாருங்கள், இந்த ஆறு வாக்கியங்களே ஒரு சிறு கட்டுரை போல் ஓடுகின்றன. உங்கள் எலும்புக்கூடும் அப்படி ஓட வேண்டும். தலைப்புகளாக எழுதினால், அதாவது "வரலாறு", "பிரச்சினைகள்", "தீர்வுகள்" என்று போட்டால், ஓடாது. "பிரச்சினைகள்" என்ற சொல்லுக்குள் எதையும் போட்டு நிரப்பலாம். அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருக்கிறது.

பந்திதான் வேலை நடக்கும் இடம்

முதலில் ஒரு மோசமான பந்தி. நானே இட்டுக்கட்டியது, ஆனால் இதன் உடன்பிறப்புகள் மாதாமாதம் என்னிடம் வருகின்றன:

"கல்வி என்பது மனிதனுக்குக் கண் போன்றது. தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. முன்பு தோட்டப் பாடசாலைகளில் பல குறைபாடுகள் காணப்பட்டன. பெற்றோரும் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை காட்டவில்லை. இன்று மலையகத்திலிருந்து பலர் பல்கலைக்கழகம் செல்கின்றனர். எனவே கல்வியை மேம்படுத்த அனைவரும் பாடுபட வேண்டும்."

ஆறு வாக்கியங்கள், ஆறு திசைகள். எந்த வாக்கியமும் முந்தியதிலிருந்து பிறக்கவில்லை. வரிசையை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. ஒரு பந்தியின் வாக்கியங்களை இடம் மாற்றிப் பார்த்து, பொருள் குலையவில்லை என்றால் அங்கே பந்தியே இல்லை என்று முடிவு செய்யுங்கள். "பல குறைபாடுகள்" எவை என்று சொல்லவில்லை. பெற்றோரைப் போகிற போக்கில் குற்றவாளியாக்கியது போதாதென்று அதற்குச் சான்றும் இல்லை. அந்தக் குற்றச்சாட்டை எழுதிய பிள்ளையின் அம்மா அன்று காலையும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் காசு கொடுத்திருப்பார்.

இனி அதே கருத்து, வேறு பந்தி:

"1977க்கு முன் தோட்டப் பாடசாலையின் நிலை தோட்ட நிருவாகத்தின் விருப்பிலேயே தங்கியிருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு தன்வயப்படுத்தியபோதும், தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை வெளியிலேயே நின்றன. பலவற்றில் ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமும் இருந்தன. படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. மேலே படிக்க வேண்டிய பிள்ளை தோட்டத்தை விட்டு நகரப் பாடசாலைக்குப் போக வேண்டியிருந்தது, அந்தச் செலவு ஒரு நாட்கூலிக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. ஆகவே தடையாக நின்றது பெற்றோரின் அக்கறையின்மை என்பதைவிட, பாடசாலை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு நாடு விடை சொல்லாமல் இருந்தமையே எனலாம். அந்தப் பொறுப்பு கைமாறியபோது எது மாறியது என்பதே அடுத்துப் பார்க்க வேண்டியது."

முதல் வாக்கியம் பந்தியின் கருத்தைச் சொல்கிறது. அடுத்த மூன்றும் அதற்குச் சான்று தருகின்றன (ஒப்படையில் இந்த இடங்களில் நூலும் பக்கமும் குறிப்பீர்கள்). ஐந்தாவது சான்றின் பொருளை விரிக்கிறது. ஆறாவது அதை மையக் கருத்தோடு கட்டுகிறது, கடைசி வாக்கியம் அடுத்த பந்திக்குக் கைகாட்டுகிறது. இந்த வரிசையை வேதமாக்க வேண்டாம். சில பந்திகளில் சான்று முன்னாலும் கருத்து பின்னாலும் வரலாம். ஆனால் கருத்து, சான்று, விரிவு மூன்றில் ஒன்று குறைந்தால் பந்தி நொண்டும். பெரும்பாலும் குறைவது விரிவு. சான்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அது தானே பேசும் என்று நினைத்து.

தானே பேசாத எண்கள்

எண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1971 தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் 1,174,606 பேர். 1981இல் 818,656 பேர். நாட்டின் மக்கள்தொகையில் பங்கு 9.3 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாக இறங்கியது. இதை எழுதிவிட்டு "இதிலிருந்து மலையகத் தமிழர் குறைந்தமை தெளிவாகிறது" என்று ஒரு மாணவி முடித்திருந்தார்.

எண் குறைந்ததைத்தான் நீங்கள் முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்களே, தங்கச்சி. ஏன் குறைந்தது? 1964 ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்தப் பத்தாண்டில் கப்பலேறியவர்கள் ஏராளம். ஆனால் அது மட்டும்தானா? கணக்கெடுக்க வந்தவரிடம் தம்மை "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. அவர்கள் எங்கும் போகவில்லை, பெயர் மாறினார்கள். ஆகவே அந்த எண் ஆட்கள் போனதையும் அடையாளம் மாறியதையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் மாணவருக்குத்தான் உயர்ந்த புள்ளி கிடைக்கும். எண்ணைக் கண்டுபிடித்ததற்கு அல்ல.

ஒவ்வொரு சான்றுக்குப் பிறகும் பென்சிலால் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று எழுதுங்கள். அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்லட்டும்.

மறுப்பவரை உள்ளே கூப்பிடுங்கள்

உங்கள் கருத்துக்கு எதிரான வலுவான வாதம் எதுவோ, அதை நீங்களே எழுதுங்கள். அதைப் பொம்மையாக்கி உடைக்காமல், எதிராளி வாசித்தால் "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் எதிர்வாதம் பலமானது: அரசு பொறுப்பேற்காமல் தனியார் கையில் இருந்திருந்தால், வெளிநாட்டு உதவி எந்தப் பாடசாலைக்குக் கட்டடம் கட்டியிருக்கும்? இதற்கு நீங்கள் அசைந்து கொடுக்க வேண்டியதுதான். "தொடக்கம் இல்லாமல் தொடர்ச்சி இல்லை என்பது உண்மை, ஆயினும் தொடக்கத்துக்கும் பலனுக்கும் இடையில் கழிந்த ஆண்டுகள், உரிமை மட்டும் போதாது என்பதையே காட்டுகின்றன" என்று ஓரடி பின்வாங்கி, மீண்டும் ஊன்றி நிற்கலாம். கொஞ்சம் விட்டுக்கொடுத்த கட்டுரையை வாசிப்பவர் அதிகம் நம்புகிறார். மேடைப் பேச்சில் இது பலிக்காது. அதனால்தான் தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு இது கடினமாக இருக்கிறது.

முன்னுரையும் முடிவுரையும்

இவற்றைக் கடைசியில் எழுதுங்கள். முன்னுரையில் மூன்று: பிரச்சினை என்ன, என் சொற்களின் எல்லை என்ன, என் விடை என்ன. முடிவுரையில் புதிய தகவல் வேண்டாம், வேண்டுகோளும் வேண்டாம். நிறுவியது எவ்வளவு, அதன் எல்லை எது என்று சொல்லி நிறுத்துங்கள்.

பிறர் சொன்னதைக் குறிப்பது

உங்கள் பீடம் ஏபிஏ முறையா ஹாவர்ட் முறையா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். இரண்டும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பந்திக்குள் அடைப்பில் கேட்கும், முழு விவரத்தைக் கடைசியில் கேட்கும். ஏபிஏ முறையில் 40 சொல் அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோளைத் தனிப் பந்தியாக, மேற்கோள் குறியில்லாமல் உள்தள்ளி எழுத வேண்டும். ஆனால் அவ்வளவு நீளமான மேற்கோள் 1,500 சொல் கட்டுரைக்கு எதற்கு?

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். வெளிநாட்டு முறை குடும்பப் பெயரை முன்னால் வைக்கச் சொல்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. ஆகவே ஆசிரியரின் சொந்தப் பெயரை எழுதி, காற்புள்ளி இட்டு, முதலெழுத்தைப் பின்னால் வையுங்கள். அப்பாவின் பெயரை விரித்து முன்னால் போட்டு, நூல் எழுதாத மனிதரை ஆசிரியராக்கிவிடாதீர்கள். பல ஒப்படைகளில் அப்படிப்பட்ட அப்பாக்களைச் சந்தித்திருக்கிறேன்.

மேற்கோள் குறி போடாமல், சொற்களை மட்டும் மாற்றி எழுதினாலும் மூலத்தைக் குறிக்க வேண்டும். சொல் உங்களுடையதுதான், கருத்து அவருடையது. வீட்டில் கேட்டதையும் எழுதலாம். உங்கள் பாட்டி தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற கதை ஒரு சான்றாகலாம், நேர்காணல் என்று நாளோடு குறித்து, அவரிடம் சம்மதம் கேட்டு எழுதினால். ஆனால் ஒரு பாட்டியை வைத்து மலையகம் முழுவதையும் அளக்கக்கூடாது.

கவ்வாத்து

தேயிலைச் செடியை மலையின் உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டிய மலையைப் பார்த்தால் செத்துவிட்டது என்று தோன்றும். எழுதியதை வெட்டும்போதும் அப்படித்தான் தோன்றும்.

முடித்த கட்டுரையை இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். இதற்காகவே இறுதி நாளுக்கு நான்கு நாள் முன்னால் முடிக்கச் சொல்கிறேன். மழைக்காலமானால் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் போகும், சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டிவரும், மண்சரிவால் பாதை மூடும்.

பிறகு உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். "காணப்படுகின்றது" என்று வந்த இடங்களை எண்ணுங்கள்; ஒரு பக்கத்தில் பதினான்கு எண்ணியிருக்கிறேன். "குறைபாடுகள் காணப்படுகின்றன" என்பதை "ஆசிரியர் போதவில்லை" என்று மாற்றினால் சொல்லும் குறையும், பொருளும் கூடும். "பொறுப்பேற்கப்பட்டன" என்று எழுதும்போதெல்லாம் யார் பொறுப்பேற்றது என்று கேளுங்கள். "எனவே" போட்ட இடத்தில் உண்மையிலேயே முன்னதிலிருந்து பின்னது பிறக்கிறதா என்று பாருங்கள். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் வாக்கியத்தை வாசிக்காமலே வெட்டலாம், இழப்பு எதுவும் இல்லை.

கடைசியாக, பந்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாக வாசியுங்கள். எலும்புக்கூட்டில் எழுதிய ஆறு வாக்கியங்களும் அங்கே தெரிய வேண்டும்.

கையளிக்கும் முன்

பெயர், சுட்டெண், பாடக் குறியீடு, சொல் எண்ணிக்கை, பக்க எண் இருக்கின்றனவா? தட்டச்சு செய்வதானால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்யாமல் யூனிகோட்டில் செய்யுங்கள். பாமினியில் அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது, ஆங்கில எழுத்துகள் கும்பலாக நிற்கும். தட்டச்சுக் கடையில் கொடுத்து அடிப்பவர்கள் இதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பலர் வழக்கப்படி பாமினியில் அடித்துத் தருகிறார்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

திருத்தி வந்ததும் புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓரத்தில் எழுதியவற்றை ஒரு கொப்பியில் பிரதி செய்யுங்கள். புரியாத குறிப்பு இருந்தால் விரிவுரையாளரிடம் போய்க் கேளுங்கள், புள்ளியைக் கூட்டச் சொல்லிப் போகாமல், "இந்தப் பந்தியில் சான்று போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படிப்பட்ட சான்று வைத்திருக்கலாம்?" என்று கேளுங்கள். என் நான்கு சொற்களுக்கு விளக்கம் கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கதவைத் தட்டியபோது அவர் என்னை உட்காரச் சொல்லி, அந்தப் பதினொரு பக்கத்தைப் புரட்டி, ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார். "இங்கிருந்து தொடங்கியிருக்கலாமே" என்றார்.